மழைக்கு ஒரு தலை முன்னால்

ஐப்பசி ஆறாம் தேதி, வெள்ளிக்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிடம். வானம் வெளுத்துக் கிடந்தது. கிழக்கே அடிவானத்தில் கைக்குட்டை அளவுக்கு ஒரே ஒரு மேகம். காற்று மேற்கிலிருந்து வந்துகொண்டிருந்தது. அந்த மாதத்தில் மேற்குக் காற்று வீசினால் மழை தள்ளிப்போகிறது என்று அர்த்தம். மழையைக் கொண்டுவரும் கொண்டல் கிழக்கிலிருந்து வர வேண்டும். ஐப்பசி பிறந்து ஐந்து நாள் முடிந்தும் காற்று திசை மாறவில்லை.

எம்.ரெட்டியபட்டிக்குத் தெற்கே, தார் ரோட்டிலிருந்து வண்டிப்பாதையில் இறங்கினால் ஏழாவது நிலம். மூன்று ஏக்கர் கரிசல். என் மொபெட்டை நிறுத்தும்போதே டிராக்டர் உறுமும் சத்தம் கேட்டது. அது நிலத்துக்குள் இறங்கவில்லை, வரப்போரம் நின்றது. அதன் மூக்குக்கு நேராக, இரண்டு முழத் தூரத்தில், பஞ்சவர்ணம் நின்றுகொண்டிருந்தார். அவருடைய கணவர் முனியாண்டி பக்கவாட்டில் நின்று தலைத்துண்டை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தார்.

"சார் வந்துட்டாக. இப்பச் சொல்லுங்க சார் இவுகளுக்கு" என்றார் பஞ்சவர்ணம்.

"சார் என்னத்தச் சொல்லுவாக. காஞ்சது காஞ்சதுதான். ஏ புள்ள, நகரு. வண்டி நிக்கிது" என்றார் முனியாண்டி.

"நிக்கட்டும்."

டிராக்டர் ஓட்டிய காளிக்கு முப்பது வயதிருக்கும். சொந்த வண்டி, லோனில் வாங்கியது. ஸ்டீயரிங் மேல் இரண்டு கைகளையும் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். "சீக்கிரம் ஒரு முடிவுக்கு வாங்க மதினி. டீசலு எங்க மாமியா வீட்ல இருந்து வரல."

கேள்வி இதுதான். நிலத்தில் முளைத்து வாடிக்கொண்டிருக்கும் பருத்தியை அழித்து உழுவதா, மழை வரும் என்று விட்டுவைப்பதா. பதிலைச் சொல்ல வேண்டியவன் நான்.

புதிதாக உதவி வேளாண்மை அலுவலர்களாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு இதைச் சொல்லும்படி கேட்டுக்கொண்டார்கள். எதைச் சொல்வது என்று யோசித்தபோது, முப்பத்து மூன்று வருடச் சர்வீசில் மற்றதெல்லாம் மங்கி இந்த ஐந்து நாள்தான் முன்னால் வந்து நின்றது. விதை அளவு, உர அளவு எல்லாம் உங்கள் கைபேசியிலேயே இருக்கிறது. அதை நான் சொல்லப்போவதில்லை. வரப்பில் நிற்கும்போது மூன்று பேர் உங்கள் வாயைப் பார்ப்பார்களே, அந்த நேரத்தைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

அதற்கு முன் ஒரு ஆங்கிலச் சொல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அந்த மூன்று ஏக்கரில் பருத்தி இறங்கியதே அந்தச் சொல்லால்தான்.

அந்த வருடம் ஆவணியில் எங்களுக்கு ஒரு நாள் பயிற்சி நடந்தது. மேலதிகாரி ஒருவர் திரையில் ஒரு படம் போட்டார். குதிரைகள் ஓடுகிற படம். "இதுதான் ஹெட் ஸ்டார்ட்" என்றார். மழை பெய்த பிறகு விதைக்கிறவனுக்கு முதல் மழை வீண். மழைக்கு முன்பே காய்ந்த புழுதியில் விதையைப் போட்டு வைத்தால், முதல் நல்ல மழையிலேயே அது எழுந்துவிடும். மற்றவர்கள் ஏர் பூட்டும்போது இவன் பயிர் மூன்று வாரம் முன்னால் நிற்கும். புழுதி விதைப்பு என்று நம் கரிசல்காட்டுக்காரர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த வேலைதான். ஆனால் குதிரைப் படத்தோடு பார்த்தபோது எனக்கே புதிதாகத் தெரிந்தது.

எனக்கு எதையும் பாதியில் விட்டால் தூக்கம் வராது. வீட்டுக்கு வந்து அகராதியை எடுத்துப் பார்த்தேன். குதிரைப் பந்தயத்திலிருந்து வந்த சொல் என்று போட்டிருந்தது. பந்தயக்காரர்கள் தூரத்தைக் குதிரையின் உடம்பாலேயே அளப்பார்களாம். ஒரு மூக்கு முன்னால், ஒரு தலை முன்னால், ஒரு கழுத்து முன்னால், ஒரு உடல் முன்னால். ஒரு குதிரை மற்றதைவிடத் தலையளவு முன்னே நின்று புறப்பட்டால் அதுதான் ஹெட் ஸ்டார்ட். பிறகு அது குதிரையை விட்டு மனிதர்களுக்கு வந்திருக்கிறது. பள்ளிக்கூடம் சேருமுன் எழுத்துக் கற்ற பிள்ளைக்கும் அதைச் சொல்கிறார்கள், அப்பன் வைத்த கடையில் உட்காருகிற மகனுக்கும் சொல்கிறார்கள். மற்றவர்களுக்கு முன்பாகக் கிடைக்கிற ஒரு சின்ன முன்னிலை, அவ்வளவுதான் அர்த்தம்.

அளந்து சொல்கிற சொல் என்பதால் எனக்குப் பிடித்துவிட்டது. புரட்டாசி முதல் வாரத்தில் ரெட்டியபட்டியில் கூட்டம் போட்டபோது குதிரைக் கதையை அப்படியே சொன்னேன். இருபத்தாறு பேர் வந்திருந்தார்கள். பின்வரிசையில் இருந்து ஒரு பெண் குரல் கேட்டது.

"சார், ரேசுல தோத்த குதிரைக்கும் சாயங்காலம் கொள்ளு வைப்பாகள்ல? எங்களுக்கு யாரு வைப்பா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கேட்டவர்தான் பஞ்சவர்ணம். சிரித்து முடித்ததும் அவரே முதல் ஆளாகக் கைரேகை வைக்காமல் அழகாகக் கையெழுத்துப் போட்டு மானிய விதைத் திட்டத்துக்குப் பெயர் கொடுத்தார்.

அவர்களுக்கு அது சொந்த நிலம் இல்லை, குத்தகை. இரண்டு பேரும் அதுவரை அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போனவர்கள். முனியாண்டி இடையில் எட்டு வருடம் அருப்புக்கோட்டையில் பஞ்சு மூட்டை தூக்கியவர். முதுகு போன பிறகு, சேர்த்து வைத்ததைக் கொடுத்து மூன்று ஏக்கரை ஒரு வருடக் குத்தகைக்குப் பிடித்திருந்தார்கள். நிலத்துக்காரர் மதுரையில் இருந்தார். அவரிடம் இன்னொரு ஆள் பேசிக்கொண்டிருந்தார். நிலத்தைச் சும்மா போட்டால் வேலிக்கருவேல் தானாக வளரும், வெட்டிக் கரிமூட்டம் போட்டால் உழாமல் விதைக்காமல் காசு. "இந்த ஒரு வெள்ளாமைய எடுத்துக் காட்டுங்க, மேற்கொண்டு விடுறேன். இல்லைன்னா கரிக்காரனுக்குக் கொடுத்துருவேன்" என்று நிலத்துக்காரர் சொல்லியிருந்தார். ஆக அந்த ஒரு பருவம் தவறினால் இரண்டு பேரும் மறுபடி கூலிக்குப் போக வேண்டும். முனியாண்டியின் முதுகுக்கு அதுவும் ஆகாது.

திட்டத்தில் கொடுத்த பருத்தி விதையைப் புரட்டாசி பன்னிரண்டில் புழுதியில் போட்டார்கள். பதினெட்டாம் தேதி ஒரு மழை. நல்ல மழை என்று சொல்ல முடியாது, பதினோரு மில்லிமீட்டர். நிலம் எங்கும் ஒரே மட்டமாக இல்லாததால் பள்ளத்தில் விதை முளைத்தது, மேட்டில் பாதி முளைத்தது, பாதி ஈரத்தில் ஊறி அப்படியே செத்தது. அதன்பின் பதினெட்டு நாள் ஒரு சொட்டு இல்லை.

குதிரைப் பந்தயத்தில் புறப்படும் கோடு கண்ணுக்குத் தெரியும். நமக்குக் கோடு போடுவது மழை. அது பொய்க்கோடு ஒன்றைப் போட்டுவிட்டுப் போனால், முன்னால் நின்ற குதிரைதான் முதலில் சாகும். இது எனக்கு அகராதியில் கிடைக்கவில்லை.

நான் நிலத்துக்குள் இறங்கினேன். என்னிடம் எப்போதும் ஒரு மீட்டர் குச்சி இருக்கும். பத்து இடத்தில் போட்டு எண்ணினேன். ஆறு இடத்தில் பாதிக்கு மேல் செடி இருந்தது. நான்கு இடத்தில் கால்வாசி கூட இல்லை. எல்லாம் கூடினால் நடுவிலும் நடு. எட்டு இடம் நன்றாக இருந்தால் விட்டுவைக்கச் சொல்லலாம், எட்டு இடம் மோசமாக இருந்தால் அழிக்கச் சொல்லலாம். எண்ணிக்கை எனக்குத் துணைக்கு வரவில்லை. இன்னும் பத்து இடத்தில் எண்ணலாமா என்று யோசித்தேன். எண்ணிக்கொண்டே இருந்தால் பதில் சொல்ல வேண்டியதில்லை அல்லவா. அந்த ஆசை உங்களுக்கும் வரும்.

திரும்பி வரப்புக்கு வந்தேன். மூன்று பேரும் என் வாயைப் பார்த்தார்கள்.

"பள்ளத்துல இருக்கிறத விட்டுருவோம். மேட்டுப் பக்கம் ஒன்றரை ஏக்கரை அழிச்சு கொத்தமல்லி போட்டுருவோம். பாதி பாதி" என்றேன்.

முனியாண்டி தலையாட்டினார். பஞ்சவர்ணம் ஆட்டவில்லை.

"சார், பாதி காட்டுல கரிமூட்டம் போட்டுக்கிறேன்னு கரிக்காரன் சொல்லுவானா? பாதி வெள்ளாமையப் பாத்துட்டு நிலத்துக்காரவுக பாதி நிலத்தை விடுவாகளா?"

"அப்ப முழுசும் விட்டுரலாம்ங்கிறீகளா?"

"நான் ஒண்ணும் சொல்லலயே. நீங்க உங்களுக்குத் தோணுறதச் சொல்லுங்க. எங்க ரெண்டு பேரையும் சமாதானப்படுத்துறதுக்கா இம்புட்டுத் தூரம் வந்தீக?"

காளி ஸ்டீயரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். சிரிப்பது தோளில் தெரிந்தது.

எனக்குக் காது சுட்டது. ஆனால் அவர் சொன்னது சரி. நான் முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு மேல் இருந்த அதிகாரி ஒருவர், தன் பேச்சைக் கேட்டுக் கெட்டுப்போன நிலத்தின் வரப்பில் அடுத்த வருடமும் போய் நிற்பார். வசவு வாங்குவார். "பாதி பாதின்னு சொல்லிட்டு வந்தா ஒருத்தனும் திட்டமாட்டான். அடுத்த தடவை கூப்பிடவும் மாட்டான்" என்பார். அன்று நான் சொன்ன பாதி பாதி அந்த மூன்று ஏக்கருக்கான யோசனை இல்லை. எது நடந்தாலும் பாதி சரி என்று எனக்கு நானே வாங்கிவைத்த இன்சூரன்ஸ்.

அப்போது காளியின் போன் அடித்தது. எடுத்து, "வாரேன்ணே, இங்க ஒரு பஞ்சாயத்து ஓடுது" என்று வைத்தார். நான் வந்து இருபது நிமிடம் ஆகியிருந்தது. அதற்குள் அது ஐந்தாவது போன். எண்ணுகிற பழக்கம் எனக்கு நல்லது செய்த ஒரு சில தடவைகளில் அது ஒன்று. மழையே இல்லாத காலையில் ஐந்து போன் என்றால், மழை பெய்த மறுநாள் எத்தனை வரும்?

அதன் பிறகுதான் எனக்கு நிலைமை புரிந்தது. நாங்கள் மூன்று பேரும் மழையைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். மழையை ஒன்றும் செய்ய முடியாது. நான்கைந்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கூட மல்லி விதைக்கலாம், பருவம் இருக்கிறது. முனியாண்டி இன்றே உழ அவசரப்பட்டது பயிர் செத்துவிட்டது என்பதற்காக இல்லை. இன்று விட்டால் டிராக்டர் கிடைக்காது என்பதற்காக. மேற்கே பெரிய காட்டுக்காரர்கள் ஆறு பேர் இருந்தார்கள். மூன்று ஏக்கர்க் குத்தகைக்காரன் வரிசையில் கடைசி. ஈரம் நிற்பதே சில நாள்தான், அவர் முறை வரும்போது காய்ந்திருக்கும். புழுதி விதைப்பு அவர்களுக்குக் கொடுத்த முன்னிலை மூன்று வாரப் பயிர் மட்டும் இல்லை. டிராக்டர் வரிசையிலேயே நிற்கத் தேவையில்லாமல் செய்தது. அந்த முன்னிலை போய்விட்டது. அதைத்தான் திரும்ப வாங்க வேண்டும்.

"காளி, வண்டியை ஆஃப் பண்ணுங்க" என்றேன்.

"ஆஃப் பண்ணுனா திரும்ப ஸ்டார்ட் ஆகுறது அதும் இஷ்டம் சார்." ஆனாலும் நிறுத்தினார்.

"இன்னைக்கு வெள்ளி. செவ்வாய்க்கிழமை காலையில முதல் சால் இந்த நிலத்துல ஓட்டணும். முடியுமா?"

"அன்னைக்கு எவன் கூப்பிடுவான்னு இன்னைக்கு எப்படிச் சார் தெரியும்?"

"எவன் கூப்பிட்டாலும் சரி. மழை பெஞ்சு ஊரே கூப்பிட்டாலும் சரி. முதல்ல இங்க."

பையில் ஆயிரம் ரூபாய் இருந்தது. எடுத்து நீட்டினேன். "வாடகையில கழிச்சுக்கோங்க. மழை பெஞ்சு பயிரு எந்திரிச்சு நாங்க வேண்டாம்னு சொல்லிட்டா, காசு உங்களுக்கு."

காளி வாங்கவில்லை. முதல் தடவையாகச் சிரிக்காமல் யோசித்தார். "சார், மழை பெஞ்ச அன்னைக்கு ஒன்றரை மடங்கு கொடுக்க ஆள் இருக்கு. இந்த ஆயிரம் வண்டிக்கு இல்ல. என் வாக்குக்கு. வாங்கிட்டேன்னா நான் வந்துதான் ஆகணும்."

"அதான் கேக்குறேன்."

பஞ்சவர்ணத்தைப் பார்த்தார். "மதினி, உங்களுக்குச் சம்மதமா?"

"நாலு நாள் குடுத்தா எனக்குச் சம்மதம். நாலு நாள்ல அதுவா எந்திரிக்கலைன்னா நானே வண்டிக்கு வழி விடுறேன்."

காளி காசை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார்.

பந்தயத்தில் பலவீனமான குதிரைக்குத் தலையளவு முன்னிலை கொடுப்பார்களாம். அது தானாக எடுத்துக்கொள்வதில்லை, ஒருவர் கொடுப்பது, மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்கக் கொடுப்பது. நான் கொடுத்தது அதுதான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்தத் தலையளவு எங்கிருந்தோ எடுத்ததுதானே? செவ்வாய்க்கிழமை காலையில் வேறு யாரோ ஒருவர் நிலத்துக்குப் போக வேண்டிய டிராக்டர். அவருக்கும் குத்தகையோ கடனோ இருக்கலாம். இது இன்றுவரை எனக்குத் தீராத கணக்கு. உங்களுக்கும் தீர்ந்த கணக்காகக் கொடுக்க என்னிடம் இல்லை.

அடுத்த நாட்களை விவரிக்க வேண்டாம் என்று பார்க்கிறேன். வீட்டு மொட்டைமாடிக் கொடியில் ஒரு துண்டைக் கட்டி, அது எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சனி, மேற்கு. ஞாயிறு, மேற்கு. என் மனைவி, "துண்டு கிழிஞ்சுரும். காத்துக்கு நீங்க பாக்குறது தெரியாது" என்றார். ஞாயிறு சாயங்காலம் பாலவனத்தத்தில் மழை என்று போன் வந்தது. நல்ல மழை, ஓடையில் தண்ணீர் போகிறதாம். ரெட்டியபட்டியில் ஒரு துளி இல்லை. மாட்டுக்கு ஒரு கொம்பு நனைந்தால் மறு கொம்பு நனையாது என்று நம் பக்கம் சொல்வது சும்மா இல்லை.

மழை கிடைக்கவில்லை என்ற கவலையோடு இன்னொன்று சேர்ந்தது. பாலவனத்தத்தில் ஈரம் என்றால் அங்கே இப்போது டிராக்டருக்கு அடிதடி. காளி வருவாரா? திங்கட்கிழமை அவருக்கு நான்கு தடவை போன் போட்டேன். நான்கு தடவையும் எடுக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஐந்து நாற்பதுக்கு நான் வரப்பில் நின்றேன். முனியாண்டி எனக்கு முன்பே வந்திருந்தார். பஞ்சவர்ணம் ஒரு சாக்குப்பையில் மல்லி விதையோடு உட்கார்ந்திருந்தார். முந்தின நாள் அருப்புக்கோட்டைக்குப் பஸ்ஸில் போய் வாங்கியிருக்கிறார். ஆறு மணி. ஆறே கால். ஆறரை.

ஆனால் ஒரு மாற்றம் இருந்தது. கிழக்கே பார்த்து நின்ற என் சட்டை முதுகில் ஒட்டவில்லை, நெஞ்சில் ஒட்டியது. காற்று கிழக்கிலிருந்து வந்துகொண்டிருந்தது.

ஆறு ஐம்பதுக்கு டிராக்டர் சத்தம் கேட்டது. டயர் முழுக்கச் சேறு. காளியின் கண் சிவந்திருந்தது. இறங்காமலே பேசினார்.

"பாலவனத்தத்துல ஒன்றரை மடங்கு தாரேன்னு மூணு பேர் வண்டிய மறிச்சாக. ஒருத்தர் சாவியவே உருவிட்டாரு. வாக்குக் கொடுத்துட்டேன் வாக்குக் கொடுத்துட்டேன்னு கெஞ்சி வாங்கிட்டு வாரேன். சீக்கிரம் ஆகட்டும், திரும்பிப் போகணும்."

வண்டியை நிலத்துக்குத் திருப்பினார். அப்போது முனியாண்டி போய் அதன் முன்னால் நின்றார்.

"பொறு காளி. காத்து மாறிருச்சு. கொண்டல் வந்துருச்சு. இன்னைக்கோ நாளைக்கோ பெய்யும். பதினஞ்சு இருபது நாளு தாக்குப்பிடிச்ச பயிரு, இன்னும் ஒரு நாள் தாங்காதா?"

காளி என்னைப் பார்த்தார். "அன்னைக்கு மதினி, இன்னைக்கு அண்ணே. இந்த வீட்ல ஒருத்தராவது வண்டிக்குப் பின்னால நிக்கக்கூடாதா சார்?"

பஞ்சவர்ணம் எழுந்து வந்தார். "நீங்க சொல்லுங்க சார். பாதி பாதி மட்டும் சொல்லாதீக."

குச்சியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். அதே பத்து இடம். பாதிக்கு மேல் செடி நின்றது இரண்டு இடத்தில்தான். நின்ற செடியும், வெயில் ஏறாத அந்த நேரத்திலேயே இலையைத் தொங்கவிட்டிருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் அவை நிமிர்ந்து நின்றதைப் பார்த்திருந்தேன். மத்தியானம் வாடுவதும் விடியலில் நிமிர்வதும் உயிர் இருப்பதற்கு அடையாளம். விடியலிலும் நிமிராதது மழை வந்தால் ஒருவேளை பிழைக்கும், காய்க்காது.

எண்ணிக்கை இந்த முறை தெளிவாக இருந்தது. ஆனால் காற்று என் எண்ணிக்கைக்கு எதிராக வீசிக்கொண்டிருந்தது. உழுது முடித்த அடுத்த மணி நேரமே மழை வந்தால்? மேற்குப் பக்கத்துக் காட்டில் பெரிய விவசாயி ஒருவர் இதே பருத்தியை இன்னும் வைத்திருந்தார். அவருடைய நிலம் பள்ளம், செடி கொஞ்சம் நன்றாக இருந்தது. அது பிழைத்து இது அழிந்தால், முனியாண்டி ஆயுள் முழுக்க வரப்புக்கு அந்தப் பக்கம் பார்த்து என் பெயரைச் சொல்வார். இதெல்லாம் பத்து இடத்திலிருந்து வரப்புக்கு நடந்து வருவதற்குள் என் தலையில் ஓடியது.

"ஓட்டிருங்க" என்றேன். "மூணு ஏக்கரும். ஓட்டின கையோட மல்லியப் போட்டுருங்க, புழுதியிலயே. மழை வந்தாலும் வரலைன்னாலும் இது நான் சொன்னது."

முனியாண்டி நகரவில்லை. பஞ்சவர்ணம் போய் அவர் கையைப் பிடித்து, "வாங்க. நாலு நாள் கேட்டேன், கெடச்சுச்சு. செடி எந்திரிக்கல" என்றார். அவர் விலகினார். வண்டி இறங்கியது. முதல் சாலில் பச்சை புரண்டு மண்ணுக்குள் போனதை அவர் பார்க்கவில்லை, முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். நான் பார்த்தேன். பார்க்காமல் வருவது சரியில்லை என்று நின்றேன்.

ஒன்பதரைக்கு விதைத்து முடித்தார்கள். காளி பாலவனத்தத்துக்குப் பறந்தார்.

மறுநாள் புதன்கிழமை பிற்பகல் மூன்று நாற்பதுக்கு மழை பிடித்தது. நாற்பத்திரண்டு மில்லிமீட்டர். ஊரே டிராக்டருக்கு அலைந்த அந்த வாரத்தில், முனியாண்டியின் மூன்று ஏக்கர் மட்டும் ஒரு வேலையும் இல்லாமல் முளைத்துக்கொண்டிருந்தது. எட்டாம் நாள் போய்ப் பார்த்தேன். வரிசை வரிசையாக மல்லி எழுந்திருந்தது. பக்கத்துக் காடுகளில் அப்போதுதான் விதைப்பு.

இங்கே நிறுத்தினால் என் கெட்டிக்காரத்தனம் போலத் தெரியும். ஆனால் மேற்குக் காட்டுப் பருத்தியும் அதே மழையில் பிழைத்தது. மாசியில் வெள்ளையாய் வெடித்து நின்றது. முனியாண்டி ஒவ்வொரு தடவையும் என்னை வரப்போரம் நிறுத்தி அதைக் காட்டுவார். "பாருங்க சார், ஒரு நாள். ஒரே ஒரு நாள்."

"அது பள்ளம், முனியாண்டி."

"பள்ளந்தான். இருந்தாலும் ஒரு நாள்."

அவர் சொல்வது தவறு என்று என்னால் நிரூபிக்க முடியாது. பஞ்சவர்ணம் மட்டும், "இவுகளுக்கு அடுத்தவுக காட்டுலதான் எப்பவும் நல்லா வெளையும்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பார்.

மல்லி அறுப்புக்கு முன் மதுரையிலிருந்து நிலத்துக்காரர் வந்தார். காருக்குள் இருந்தபடியே பார்த்தார், பிறகு இறங்கி நடந்தார், ஒரு கொத்தைக் கசக்கி முகர்ந்தார். இன்னும் மூன்று வருடத்துக்குக் குத்தகையை எழுதிக் கொடுத்தார். கரிக்காரர் திருச்சுழிப் பக்கம் வேறு நிலம் பார்த்துக்கொண்டார் என்று கேள்வி. முனியாண்டி என் ஆயிரத்தைத் திருப்பிக் கொண்டுவந்தார். வாங்கிக்கொண்டேன். வாங்காமல் விட்டால் அது தர்மமாகிவிடும், அடுத்த தடவை என்னைக் கூப்பிட அவர்களுக்குக் கூச்சமாக இருக்கும். இதை மட்டும் மனதில் வையுங்கள், கை பெரியது என்று காட்டுவதற்காக அவர்கள் வாயை அடைத்துவிடாதீர்கள்.

இன்னொன்று. அந்த மூன்று ஏக்கர் திட்டத்தில் பருத்தி என்று பதிவானது. தையில் வயலைப் படம் எடுத்து அனுப்பும்படி உத்தரவு வந்தது. வரப்பில் நின்று கைபேசியை மேற்கே திருப்பினால் அருமையான பருத்தி. கிழக்கே திருப்பினால் மல்லி. ஒரு சக ஊழியர், "கொஞ்சம் திரும்பி நில்லுங்கண்ணே, அவ்வளவுதானே" என்றார். நான் மல்லியைத்தான் எடுத்தேன். "பருத்தி முளைப்புக் குறைவு. என் யோசனைப்படி அழிக்கப்பட்டது" என்று எழுதி அனுப்பினேன். அப்படி எழுதினால்தான் அடுத்த வருடம் அந்த மேட்டு நிலத்துக்கு யாரும் பருத்தி விதை கொடுக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். கொடுக்கவில்லை.

நான்கு வருடம் கழித்து நான் ஓய்வு பெற்றபோது தணிக்கையில் அந்த வரி வந்து நின்றது. பதிவான பயிர் நிலத்தில் இல்லாததால், அதை அழிக்கச் சொன்னவரிடம் விதை மானியத்தைப் பிடிக்க வேண்டும் என்றார்கள். நான் விளக்கம் எழுதினேன், இரண்டு தடவை. விதிப்படி அவர்கள் சொன்னதுதான் சரி. பணிக்கொடையில் கழித்துக்கொண்டார்கள். மூவாயிரத்து எழுநூற்று ஐம்பது ரூபாய்.